மௌனியா, மெளனியா? இணையத்துக்கு ஒரு புனைபெயர்

தலைப்பின் முதல் இரண்டு சொற்களை இன்னொரு முறை பாருங்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுதான் என்று கண் சாதிக்கும். ஆனால் ‘மௌனி’யில் இரண்டே எழுத்துகள்: மௌ, னி. ‘மெளனி’யில் மூன்று: மெ, ள, னி. முன்னது ‘மணிக்கொடி’ இதழின் காலத்தில் எஸ். மணி என்ற சிறுகதை எழுத்தாளருக்கு வாய்த்த புனைபெயர். பின்னது சொல்லே இல்லை. எழுத்துக்கூட்டி வாசித்தால் நாக்கு ளகரத்தில் இடறும். தாளில் அச்சடித்த காலத்தில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் போதும். கணினிக்குப் போதாது. ஒரு வடிவத்தில் தேடுகிறவருக்கு மற்ற வடிவத்தில் எழுதியது அகப்படாமல் போகலாம். ஒருவர் பெயர் இணையத்தில் இப்படி இரண்டாகக் கிழிந்து கிடப்பது அவர் குற்றமல்ல. இன்று பெயர் வைக்கிறவர்கள் அந்தக் கிழிசலை முன்கூட்டியே தவிர்க்கலாம்.

புனைபெயர் தேடுகிறவர்கள் வழக்கமாக அர்த்தத்தில் ஆரம்பிக்கிறார்கள். தன் மனசு, கொள்கை, பிறந்த மண், பிடித்த தெய்வம் எல்லாம் ஒரே சொல்லுக்குள் வந்துவிட வேண்டுமென்று அகராதியைப் புரட்டுவார்கள். எங்கள் அனுபவத்தில் அது தலைகீழ் வேலை. பெயருக்கு அர்த்தம் பின்னால் வரும். அதுவரை பெயர் உடையாமல், தொலையாமல், பிறர் வாயில் சிதையாமல் இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

சுஜாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வடசொல்லுக்கு நற்பிறப்புடையவள் என்று பொருள். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் குழப்பம் வேண்டாமென்று எஸ். ரங்கராஜன் தன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். இதில் தத்துவம் ஒன்றுமில்லை. ‘இந்தப் பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று இன்றைக்குத் திரையில் சிவப்பாக வரும் வரிதான் அன்றைக்கும் வந்தது. ஆனால் இன்று சுஜாதா என்றதும் நற்பிறப்பு யாருக்கு ஞாபகம் வருகிறது? வெட்டி வெட்டி ஓடும் வாக்கியமும் நடுவில் வந்து விழும் ஒரு குறும்பும்தான்.

சங்கப் பாட்டுகளைத் தொகுத்தவர்கள் இதைப் பச்சையாகவே செய்துவிட்டார்கள். இயற்பெயர் தெரியாத புலவர்களுக்கு அவர்களுடைய பாட்டிலிருந்தே ஒரு தொடரை உருவிப் பெயராக வைத்தார்கள். குறுந்தொகை 40-ல் ‘செம்புலப் பெயனீர் போல’ என்று பாடியவர் செம்புலப்பெயனீரார். அடுத்த பாட்டிலேயே அணிலாடு முன்றிலார். 131-ல் ஓரேருழவனார், 290-ல் கல்பொரு சிறுநுரையார், 305-ல் குப்பைக் கோழியார். நற்றிணை 284-ல் இரண்டு யானைகள் இழுக்கும் தேய்ந்த கயிற்றைச் சொன்னவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் தாங்கிய ஹேண்டில்கள் (இணையக் கணக்கை அடையாளம் காட்டும் பெயர்கள்) இவை. பெயருக்கு ஏற்ப எவரும் பாடவில்லை. பாடியதிலிருந்து பெயர் வந்தது.

இன்றைக்கும் இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை. செய்முறை எளிது. நீங்கள் எழுதியவற்றில் கடைசி முப்பதை எடுங்கள். குறிப்பு, கடிதம், வாட்ஸ்அப் செய்தி, எதுவானாலும் சரி. மற்றவர்கள் உங்களிடமே திருப்பிச் சொன்ன தொடர்களை அடிக்கோடிடுங்கள். ‘நீ அன்னைக்குச் சொன்னியே’ என்று யாராவது தொடங்கினால், அடுத்து வருவது உங்கள் பெயருக்கான மூலப்பொருள். ஐந்தாறு தேறும். அவற்றில் இரண்டு சொல் ஒட்டி நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘மழை’ என்று வைத்தால் தேடுபொறியில் வானிலை அறிக்கைக்கு அடியில் புதைந்துபோவீர்கள். படத்தலைப்பாக வந்த சொல்லுக்கும் அதே கதிதான். ‘அணிலாடு முன்றில்’ போல இரண்டு சொல் ஒட்டி நின்றால் அவ்வளவு எளிதில் புதையாது.

வேறு வழிகளும் தமிழில் பழகியவையே. சொந்தப் பெயரை மொழிபெயர்ப்பது ஒன்று. வி.கோ. சூரியநாராயண சாஸ்திரி தன் பெயரை மூன்றாக உடைத்தார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். ஒட்டினால் பரிதிமாற்கலைஞர். சுவாமி வேதாசலத்தில் வேதம் மறை, அசலம் மலை. அவர் மறைமலை அடிகள். இந்த வழியில் ஒரு வசதி, பெயர் முழுக்க உங்களுடையதாகவே இருக்கும். ஒரு சிக்கல், அகராதி தெரிந்த எவரும் அவிழ்த்துவிடுவார்கள். மறைந்திருக்க நினைப்பவருக்கு ஆகாது.

பிடித்தவருக்கு அடிமையாவது இன்னொன்று. பாரதி ஷெல்லிதாசன் என்று எழுதினார். கனக சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். அவரைப் பின்பற்றிய ராசகோபாலன் சுப்புரத்தினதாசன் ஆகி, அது சுருங்கி சுரதா ஆனது. பாரதிதாசன் முருகன் துதியில் தொடங்கிச் சுயமரியாதை இயக்கத்துக்குப் போனார். பாரதியோ கடைசிவரை சக்தி உபாசகர். ஆனாலும் தாசன் தன் பெயரை மாற்றவில்லை. பெயர் நின்ற இடத்தில் நின்றது, அர்த்தம்தான் நகர்ந்தது. இன்று புதிதாக ஒரு தாசன் வேண்டாம் என்பது எங்கள் கட்சி. அந்த வரிசையில் நெரிசல் அதிகம். அதோடு, நீங்கள் தாசனாக இருக்கும் ஆளுக்கு நாளை ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் பெயரும் சேர்ந்து கெடும்.

அடிமைப்படாமல் வணங்கவும் வழி உண்டு. கு.ப. ராஜகோபாலன் கரிச்சான் என்ற பெயரிலும் எழுதினார்; கரிச்சான் என்பது வால் பிளந்த கறுப்புக் குருவி. அவர்மேல் பற்றுக்கொண்ட ஆர். நாராயணசாமி கரிச்சான்குஞ்சு என்று வைத்துக்கொண்டார். குஞ்சு வளரும், தனியாகப் பறக்கும். தாசனுக்கு அந்தச் சலுகை இல்லை.

கதையிலிருந்து எடுப்பதும் உண்டு. தேவனின் நாவல் ஒன்றில், கணவன் மதிக்காத மனைவி அம்பை என்ற பெயரில் எழுதத் தொடங்குகிறாள். சி.எஸ். லக்ஷ்மி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். பாரதத்து அம்பையோ ஆணால் புறக்கணிக்கப்பட்டு, மறுபிறவியில் சிகண்டியாகி, ஆண் பெண் என்ற கோட்டின்மேலேயே நின்றவள். பத்திரிகைக் கதையிலிருந்து எடுத்த பெயருக்குள் இவ்வளவு இருந்தது அவர் எழுத எழுதத்தான் வாசகர்களுக்குத் தெரியவந்தது.

ஊர்ப்பெயரை ஒட்டவைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிப்படையாக எழுதுகிறவருக்கு அது அழகு. ஒளிந்து எழுதுகிறவருக்கு அது விலாசம்.

பெயரின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் யோசித்து முடிவு செய்யுங்கள். ‘ன்’ என்று முடிந்தால் வாசகர் மனதில் ஓர் ஆண் உட்கார்ந்துவிடுவார். இகரம், ஐகாரத்தில் முடிவது அவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்காது: கல்கி, மௌனி, அம்பை. தமிழில் தன்மை வினைக்குப் பால் கிடையாது. வந்தேன், பார்த்தேன் என்று ஆயுள் முழுக்க எழுதினாலும் ஆணா பெண்ணா என்று தெரியாது. மாட்டிக்கொள்வது உறவுமுறையில். ‘எங்க நாத்தனார் வந்திருந்தாங்க’ என்று ஒரு வரி எழுதினால் எழுதியவர் பெண். ‘மச்சினிச்சி கல்யாணம்’ என்றால் ஆண். இந்த ஒரு சொல்லால் வெளிப்பட்ட புனைபெயர்கள் கொஞ்சமல்ல.

ஆண் பெண் பெயரில் எழுதுவது அந்தக் காலத்தில் சாதாரணம். இப்போது அதற்கு ‘ஃபேக் ஐடி’ என்று பெயர். பெண் என்று நம்பித் தன் அந்தரங்கத்தைச் சொன்ன இன்னொரு பெண்ணுக்கு அது துரோகமாகத்தான் படும். கதை எழுதப் பெண் பெயர் வைப்பது வேறு, அந்தப் பெயரில் உள்பெட்டியில் பேசுவது வேறு. பின்னதைச் செய்யாதீர்கள்.

சோதனைகள்

இருபது பெயரை ஒரு தாளில் எழுதி ஒரு வாரம் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். ஏழாம் நாள் கூச்சம் தருவதை அடித்துவிட்டால் ஐந்துகூட மிஞ்சாது. மிஞ்சியதைக் கீழே சொல்வதுபோல் உரசிப் பாருங்கள்.

தொலைபேசியில் மூன்று பேரிடம் பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, எழுதச் சொல்லுங்கள். மூவரும் ஒரே மாதிரி எழுதினால் தேறியது. ‘சின்ன ர-வா பெரிய ற-வா’ என்று ஒருவர் கேட்டால் யோசியுங்கள். இருவர் கேட்டால் விட்டுவிடுங்கள். ந, ன, ண மூன்றும் வரும் பெயர் ஆசையாக இருக்கும். எழுதுகிறவர்கள் பாடு திண்டாட்டம்.

அடுத்தது ஆங்கில எழுத்தில். தமிழில் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஹேண்டிலும் மின்னஞ்சலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். அறமும் அரமும் அங்கே ஒன்று. நீதி பேச வந்தவர் இரும்பு ராவுகிறவர் ஆகிவிடுவார். பள்ளியும் பல்லியும் ஒன்று. பனி, பணி, பாணி மூன்றும் நான்கே எழுத்தில் ஒரே சொல். ழகரம் வைத்த பெயரை ஒருவர் ‘இசட் எச்’ என்றும், இன்னொருவர் வெறும் ‘எல்’ என்றும் அடிப்பார். இரண்டு விதமாக அடிக்க வாய்ப்பிருந்தால் இரண்டையும் நீங்களே பதிந்துவைத்துவிட வேண்டும். மூன்று விதம் என்றால் அந்தப் பெயர் வேண்டாம். எண் கணிதம் பார்த்து நடுவில் கூடுதலாக ஒரு ‘ஏ’, கடைசியில் ஒரு ‘எச்’ செருகுகிறவர்களுக்கு எண் ராசி வரலாம், வாசகர் வரமாட்டார்.

வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள்: ஐ, ஆல், கு, இன், இடம். அம்பையை, அம்பையால், அம்பைக்கு, அம்பையின், அம்பையிடம். வழுக்கிக்கொண்டு போகிறது. இப்போது ‘மாறன்_2’ என்பதற்கு ஏற்றுங்கள். ‘மாறன்_2-வின் கட்டுரை’யா, ‘மாறன் இரண்டின் கட்டுரை’யா? உங்களைப் பாராட்ட வந்தவர் இங்கே முட்டி நின்றுவிட்டு வேறு யாரையாவது பாராட்டப் போய்விடுவார்.

கடைசியாக மேடை. ‘அடுத்ததாக மொக்கைமன்னன் அவர்கள் உரையாற்றுவார்’ என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். இருபது வயதில் சிரிப்புக்கு வைத்த பெயரோடு நாற்பதில் இரங்கற்கட்டுரை எழுத வேண்டிவரும். பெயரை எப்படிச் சுருக்குவார்கள் என்பதையும் பாருங்கள், சுருக்குவது உறுதி. சுரதா மாதிரி அமைந்தால் அதிர்ஷ்டம்.

இவ்வளவும் முடிந்த பிறகு தேடுபொறியில் மேற்கோள் குறிக்குள் இட்டு, தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். உயிரோடு எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர் அதே பெயரில் இருந்தால், எவ்வளவு சின்ன ஆளாக இருந்தாலும், ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை.

எழுத்தும் குறியெண்ணும்

தேர்ந்த பெயரை ஒரே ஒருமுறை சரியாகத் தட்டி ஒரு கோப்பில் சேமியுங்கள். இனி எங்கே தேவைப்பட்டாலும் அதிலிருந்து நகலெடுங்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதற்கு மௌனி முதல் சாட்சி. ஔகாரம் உள்ள பெயரென்றால் இப்படிச் சோதிக்கலாம்: ‘மௌ’வுக்கு முன்னால் கர்சரை வைத்து வலது அம்புக்குறியை ஒருமுறை அழுத்துங்கள். ஒரே தாவலில் ‘னி’க்கு முன்னால் போய் நின்றால் சரி. நடுவில் ஒருமுறை நின்று போனால் உள்ளே ளகரம் ஒளிந்திருக்கிறது. ஔவை என்று ஔகாரமே முதலெழுத்தாக வந்தாலும் இதே கதைதான். ‘ஒ’வும் ‘ள’வும் சேர்ந்து அச்சு அசலாக நடிக்கும்.

ஸ்ரீ இன்னும் மோசம். அது ஸகரத்தில் தொடங்கியும் கட்டப்படும், ஶகரத்தில் தொடங்கியும் கட்டப்படும். திரையில் தோன்றும் உரு ஒன்றே. இரண்டு கைபேசி விசைப்பலகைகள் இரண்டு விதமாகத் தட்டினால் உங்கள் பெயர் இரண்டு. பெயரில் ஸ்ரீ வேண்டவே வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ் எண்களை வைத்துப் போலி செய்கிறவர்களும் உண்டு. ௧ என்ற எண் ‘க’ போலவும், ௭ ‘எ’ போலவும், ௮ ‘அ’ போலவும், ௨ ‘உ’ போலவும் இருக்கும். முதலெழுத்தை எண்ணாக மாற்றி உங்கள் படத்தையும் போட்டுவிட்டால் அவசரத்தில் பார்க்கிறவர் ஏமாறுவார். தமிழ் வலைப்பதிவுகளின் ஆரம்ப வருடங்களில் அடுத்தவர் பெயரில் பின்னூட்டம் போடும் சேட்டை பெருகியபோது, பெயரின்மேல் மவுஸை வைத்துக் கீழே தெரியும் ப்ரொஃபைல் எண்ணைச் சரிபார்க்கப் பழகினார்கள். அதற்கு ‘எலிக்குட்டி சோதனை’ என்று பெயரும் வைத்தார்கள். பெயர் ஒன்றாக இருக்கலாம், எண் ஒன்றாக இருக்காது என்ற கணக்கு இன்றைக்கும் செல்லும். உங்கள் அசல் கணக்குகளின் சுட்டிகளை எல்லாம் ஓரிடத்தில் பட்டியலிட்டு வைத்தால், எது போலி என்று மற்றவர்களே சொல்லிவிடுவார்கள்.

நீளத்துக்கு ஓர் உதாரணம். கரிச்சான்குஞ்சு என்பதில் நம் கணக்குக்கு எழுத்து 8. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ‘ரி’ என்றால் ‘ர’ ஒன்று, கொக்கி ஒன்று. ‘ச்’ என்றால் ‘ச’ ஒன்று, புள்ளி ஒன்று. அப்படி எண்ணினால் குறி 15. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் என்பதால் மொத்தம் 45 பைட். ‘10 எழுத்துக்குள்’ என்று ஒரு படிவம் சொன்னால் அது எண்ணுவது பெரும்பாலும் குறியை. பெயர் ‘கரிச்சான்க’ என்று பாதியில் நிற்கும். தமிழ் எழுத்துக் கணக்கை நம்பிப் படிவத்தை நிரப்பாதீர்கள்.

எக்ஸ் தளத்தில் ஹேண்டிலுக்கு 15 இடம்தான். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதுவும் ஏற்காது. புதுமைப்பித்தன் என்பதை ஒலி பிசகாமல் இரட்டிப்புகளோடு ஆங்கில எழுத்தில் அடித்தால் 17 வரும். இரட்டிப்பையும் ஒரு ‘எச்’சையும் தள்ளினால் 13-க்குள் அடங்கும், ஆனால் படிக்கிறவர் ‘புடுமை’ என்பார். காட்சிப் பெயருக்கு 50 இடம் உண்டு, அதைத் தமிழிலேயே வைக்கலாம். இன்ஸ்டாகிராமில் 30, முற்றுப்புள்ளியும் செல்லும். ஜிமெயிலில் 6 முதல் 30 வரை. நடுவில் வைக்கும் புள்ளிகளை அது கணக்கில் எடுக்காது, எனவே புள்ளி வைத்துப் புதுப்பெயர் படைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஜிமெயில் கணக்கை நீக்கினால் அதே பெயரை நீங்களேகூடத் திரும்ப எடுக்க முடியாது. எக்ஸில் ஹேண்டிலை மாற்றினால் பழையது அநாதையாகிவிடும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், உங்கள் முகப்புக்குக் கொடுத்த பழைய சுட்டிகளும் அறுந்துபோகும். மாற்றிய கையோடு பழைய பெயரில் ஒரு வெற்றுக் கணக்கைத் திறந்து பூட்டி வையுங்கள்.

ஃபேஸ்புக் விஷயம் வேறு. அன்றாட வாழ்க்கையில் உங்களை அழைக்கும் பெயர்தான் வேண்டும் என்பது அதன் விதி. இரண்டு மொழி எழுத்துகளைக் கலக்கவும் விடாது. ஒருமுறை மாற்றினால் 60 நாளைக்குக் கைவைக்க முடியாது. யாராவது புகார் செய்தால் அடையாள அட்டை கேட்கும்; உங்கள் புனைபெயருக்கு அட்டை இருக்காது. அங்கே சொந்தப் பெயரில் கணக்கு, புனைபெயரில் பக்கம் என்று வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

பெயரை அடிக்கடி மாற்றாதீர்கள். தருமு சிவராம், பிரமிள், அஜித்ராம் பிரமிள் என்று எண் கணித ஈடுபாட்டில் ஒரு பெருங்கவிஞர் பெயரைத் திரும்பத் திரும்ப மாற்றினார். அவருடைய எழுத்தைத் தேடிப் போகிறவர் இன்றும் நூலக அட்டவணையில் இரண்டு மூன்று இடத்தில் துழாவ வேண்டியிருக்கிறது. அவரைத் தேடுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு?

மாற்றுவதற்குப் பதில் பிரிக்கலாம். சி. கல்யாணசுந்தரம் கதைக்கு வண்ணதாசன், கவிதைக்குக் கல்யாண்ஜி. சுந்தர ராமசாமி கவிதையில் பசுவய்யா. க.நா.சு. கவிதையில் மயன். புதுமைப்பித்தன் விமர்சனத்துக்கு ரசமட்டம், பாட்டுக்கு வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை. ஒவ்வொரு பெயரும் ஒரு வேலைக்கு என்று இருப்பதைக் கவனியுங்கள். இணையத்தில் இரண்டாவது பெயர் வைக்கிறவர்களில் பாதிப் பேர் முதல் பெயரைப் பாராட்டுவதற்கென்றே வைக்கிறார்கள். கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகாது.

எவ்வளவு மூட வேண்டும்

இதைப் பெயர் வைக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். சுஜாதா யாரென்று எல்லோருக்கும் தெரியும். அது திறந்த பெயர். குடும்பத்தார் எதிர்ப்பைக் கடந்து எழுதுவதற்காக ரொக்கையா எடுத்துக்கொண்ட சல்மா என்ற பெயர், ஆரம்பத்தில் மூடிய பெயர். பிற்பாடு அவரே அதன் பின்னாலிருந்து வெளியே வந்தார். மூடியதைப் பிறகு திறக்கலாம், திறந்ததை மூட முடியாது. ஐயமாக இருந்தால் மூடியே தொடங்குங்கள்.

மூடுவதென்றால் தனி மின்னஞ்சல், அதற்கென்று உலாவியில் தனி ப்ரொஃபைல். கைபேசியின் தொடர்பு எண்களைத் தளம் கேட்டால் மறுத்துவிடுங்கள். அனுமதித்தால் ‘உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று உங்கள் மாமாவுக்கே உங்களைக் காட்டும். வேறெங்கும் போட்ட படத்தை முகப்பில் வைக்காதீர்கள். கைபேசியில் எடுத்த படத்தின் அசல் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், இடக்குறிப்பு அதிலேயே ஒட்டியிருக்கலாம். வேர்ட் கோப்பின் பண்புகளில் ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் அலுவலகக் கணினி உங்கள் முழுப்பெயரை எழுதிவைத்திருக்கும். பத்திரிகைக்கு அனுப்புமுன் அதை அழியுங்கள். கூகுள் டாக்ஸ் சுட்டியைப் பகிர்வதென்றால் புனைபெயர்க் கணக்கிலிருந்து மட்டும்.

கணக்கைக் காக்க இரண்டாவது சிம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். ஓடிபி அவருக்குப் போகும். பெயரும் கூடவே போகும். சிம்முக்குப் பதில் ஓடிபி உருவாக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். கூகுள் கணக்கென்றால் அது தரும் 10 மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது காசில். ‘விரும்பினால் அனுப்பலாம்’ என்று யுபிஐ ஐடி கொடுப்பார்கள். அனுப்புகிறவர் பொத்தானை அழுத்துமுன் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் இனிஷியலோடு திரையில் வந்து நிற்கும். பத்து வருட ரகசியம் பத்து ரூபாயில் தீர்ந்தது. சன்மானக் காசோலையும் புனைபெயரில் வந்தால் வங்கியில் செல்லாது. ஆசிரியர் ஒருவரிடமாவது சட்டப்பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். படைப்போடு அனுப்பாமல் தனிக்கடிதமாக அனுப்புங்கள். கிண்டிலில் நூலாசிரியர் இடத்தில் புனைபெயர் போடலாம், வரி விவரமும் வங்கி விவரமும் சட்டப்பெயரில்தான் கொடுக்க வேண்டும்.

மொழியும் காட்டிக்கொடுக்கும். தொட்டுக்கொள்வதை ‘வெஞ்சனம்’ என்றால் மதுரைக்குத் தெற்கே தேடுவார்கள். ‘பாண்’ வாங்கி வந்து ‘கதைத்துக்கொண்டிருந்தோம்’ என்றால் கடல் தாண்டியாயிற்று. ஒற்று எங்கே விடுகிறீர்கள், ‘பற்றி’யா ‘குறித்து’வா, இரண்டு புள்ளியா மூன்று புள்ளியா என்பதெல்லாம் கைரேகை. 2013-ல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் துப்பறியும் நாவல் எழுதியவர் ஜே.கே. ரோலிங் என்று கசிந்தபோது, அதைச் சரிபார்க்கச் சொல் நீளம், அதிகம் புழங்கும் சொற்கள் போன்றவற்றைக் கணினியால் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வட்டாரச் சொல்லை எல்லாம் வழித்தெறிந்துவிட்டு எழுதலாம்தான். எழுத்து சவசவவென்று ஆகிவிடும். இதில் எங்கள் பரிந்துரை, சொல்லை விட்டுக்கொடுக்காதீர்கள், தெருவின் பெயரையும் தேதியையும் விட்டுக்கொடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் பயப்படுவார்கள். புனைபெயரில் எழுதுவது குற்றமல்ல. இருக்கிற ஒருவராக நடித்து ஏமாற்றினால் இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு வரும்: மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

பதிப்புரிமைக்கு வேறு கணக்கு. 1957-ன் பதிப்புரிமைச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி, புனைபெயரில் வந்த படைப்புக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு உரிமை. அந்தக் கெடுவுக்குள் ஆசிரியர் யாரென்று வெளிப்பட்டால், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60. முப்பது வயதில் எழுதி எண்பது வயதுவரை இருக்கிறவருடைய வாரிசுக்கு இரண்டுக்கும் இடையே ஐம்பது ஆண்டு வித்தியாசம். மூடிய பெயரில் எழுதுகிறவர்கள் ஒரு தாளில் புனைபெயர், சட்டப்பெயர், ஒவ்வொரு படைப்பும் முதலில் வெளியான தேதி, கணக்குகளின் பட்டியல் நான்கையும் எழுதிக் கையெழுத்திட்டு, உறையில் ஒட்டி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம். பெயரை மறக்காமல் கோப்பிலிருந்து நகலெடுத்து அச்சிடுங்கள். கையால் எழுதினால் மௌவா மெளவா என்று அங்கேயும் ஒருவர் கேட்பார்.